எலும்பிலிருந்து உருவத்திற்கு: மனித உருவம் வரையப் பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

மனிதர்களை வரையத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் தங்கள் உழைப்பில் பெரும்பங்கை முகத்திற்கே செலவிடுகிறார்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை வேளைகளில் ஸ்கெட்ச் புத்தகத்துடன் அமர்ந்திருக்கும் இளைஞர்களின் பக்கங்களைப் பார்த்தால், கண்ணும் மூக்கும் பிசகின்றி அமைந்திருக்கும். ஆனால் அதே உருவத்தின் தோள் கழுத்திலிருந்து நழுவித் தொங்கும், முழங்கை வளையக் கூடாத இடத்தில் வளையும், நிற்கும் மனிதர் தரையில் ஊன்றாமல் மிதப்பார். இக்குறைகளுக்குக் கைத்திறன் போதாமை காரணமன்று. தோலுக்கு அடியில் எது அசையும், எது அசையாது என்பது வரைபவருக்குத் தெரியாமல் இருப்பதே காரணம். அதைத் தெரிந்துகொள்ள மருத்துவ மாணவரைப் போல எலும்பியலை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வளர்ந்த மனித உடலில் 206 எலும்புகள் உள்ளன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை கைகளிலும் பாதங்களிலும் மட்டுமே அடங்கிவிடுகின்றன. எஞ்சியவற்றில், தோலை ஒட்டி மேலெழுந்து கண்ணுக்கோ விரலுக்கோ அகப்படும் இடங்களை அறிந்தால் உருவ வரைவுக்கு வேண்டியதில் பெரும்பகுதி கைவசமாகிவிடும். இக்கட்டுரை அந்த இடங்களைத் தேடும் வழியைத்தான் சொல்கிறது.

முதலில் எலும்புக்கூடு ஒன்று வேண்டும். உண்மையான மனித எலும்பைத் தேடி அலைய வேண்டாம். ஒரு காலத்தில் உலகத்தின் மருத்துவக் கல்லூரிகளுக்கு எலும்புக்கூடுகளை அனுப்பிய நாடு இந்தியா. 1985இல் அந்த ஏற்றுமதி தடை செய்யப்பட்டது. அந்த எலும்புகள் யாருடையவை, எப்படிக் கிடைத்தன என்ற கேள்விகள் இன்றும் விரும்பத்தக்கவையாக இல்லை. பிளாஸ்டிக் மாதிரி போதும். ஏறத்தாழ 85 செ.மீ. உயரமுள்ள அரை அளவு மாதிரி மேசைமேல் வைத்து வரைவதற்கு ஏற்றது. அதைவிடச் சிறிய பொம்மை அளவு மாதிரிகளில் தோள்பட்டையும் இடுப்பும் மழுங்கிப் போயிருப்பதால் அவற்றுக்குப் பணம் செலவழிப்பது வீண். செலவே செய்ய விரும்பாதவர், தாம் படித்த மேல்நிலைப் பள்ளியின் உயிரியல் ஆசிரியரிடம் கேட்டு, ஆய்வகத்தில் எலும்புக்கூடு இருந்தால் விடுமுறை நாளில் வரைய அனுமதி பெறலாம். ஜிப்மர் தொடங்கி மருத்துவக் கல்லூரிகள் பல உள்ள ஊர் புதுச்சேரி; தெருவுக்கு ஒரு மருத்துவ மாணவரைக் கண்டுபிடிப்பது இங்கே கடினமன்று. முதலாண்டு முடித்தவரிடம் பயன்படாமல் கிடக்கும் பிளாஸ்டிக் எலும்புகளைச் சில வாரங்களுக்கு இரவல் கேட்கலாம். கைப்பேசியில் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாணச் செயலிகளும் உதவும். ஆனால் கையில் திருப்பிப் பார்த்த எலும்பு நினைவில் தங்குவதைப் போலத் திரையில் பார்த்தது தங்குவதில்லை.

மாதிரியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. கம்பியில் தொங்கும் எலும்புக்கூடுகளில் சில பிழைகள் வழக்கமாகவே இருக்கின்றன. தோள்பட்டை எலும்புகள் விலாக்கூட்டோடு ஒட்டிச் சரிந்திருக்கும். முதுகெலும்பின் வளைவுகள் தட்டையாகியிருக்கும். உயிருள்ள உடலில் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள குருத்தெலும்பு வட்டுகள் முதுகெலும்பின் நீளத்தில் ஏறத்தாழ கால் பங்கு வகிக்கின்றன. மலிவான மாதிரிகளில் அவை ஒரே தடிமனாகச் செருகப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் பெரிய பிழை இடுப்புக்கூட்டின் சாய்வில் நேர்கிறது. நேராக நிற்கும் மனிதரின் இடுப்பு முன்புறத்தில் இருபக்கமும் துருத்தும் முனைகளும், அடிவயிற்றின் கீழே உள்ள பூப்பெலும்பும் பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது ஏறத்தாழ ஒரே செங்குத்துக் கோட்டில் அமையும். உங்கள் மாதிரியில் அப்படி அமையவில்லையென்றால் இடுப்பைச் சற்றுத் திருப்பி நூலால் கட்டிவிட்டுப் பிறகு வரையத் தொடங்குங்கள்.

முதற்படி: தொட்டறிதல்

பென்சிலை எடுப்பதற்கு முன் கண்ணாடி முன் நின்று உங்கள் உடலையே தொட்டுப் பாருங்கள். கழுத்துக்குழியில் விரலை வைத்து, அங்கிருந்து இருபுறமும் காறை எலும்பின் மேல் விரலை நகர்த்துங்கள். அது நேர்க்கோடாக ஓடாமல், முதலில் முன்னோக்கியும் பிறகு பின்னோக்கியும் வளைந்து தோளின் உச்சியில் முடிவதை உணர்வீர்கள். அந்த உச்சி தோள்பட்டை எலும்பின் பகுதி. அங்கிருந்து முதுகுப்புறம் சரிந்து இறங்கும் மேட்டைத் தொடர்ந்தால் தோள்பட்டையின் உள்விளிம்பை அடையலாம். தலையைக் குனிந்தால் பிடரியின் அடியில் துருத்தும் மேடு பெரும்பாலும் ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. கழுத்துக்கு முன்புறம் ஒரு குழியும் பின்புறம் ஒரு மேடும் இவ்வாறு கிடைத்துவிட்டன. குழி மேட்டைவிடத் தாழ்ந்திருப்பதால், கழுத்து உடலில் செங்குத்தாக நடப்பட்ட குழாயன்று, முன்னோக்கிச் சாய்ந்தது என்பதும் தெளிவாகும்.

கீழே இறங்குங்கள். மார்பெலும்பின் அடியிலிருந்து இருபக்கமும் பிரியும் விலா வளைவு, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு, அதன் முன்முனை, முதுகின் அடியில் சேக்ரம் எனும் முக்கோண எலும்பின் இருபுறமும் உள்ள இரு சிறு குழிகள், தொடையின் வெளிப்பக்கத்தில் நடக்கும்போது அசையும் பெரிய மேடு, முழங்கால் சில்லு, அதற்குக் கீழிருந்து கணுக்கால்வரை தசை மூடாமல் ஓடும் முன்னெலும்பு ஆகியவற்றை வரிசையாகத் தொடுங்கள். கணுக்காலில் உட்புற மேடு வெளிப்புற மேட்டைவிட உயரத்தில் இருக்கும். புதியவர்கள் வரைந்த பாதங்களில் இது பெரும்பாலும் தலைகீழாகவோ சமமாகவோ இருப்பதைக் காணலாம். முழங்கையில் மூன்று மேடுகள் உள்ளன. கையை நீட்டினால் மூன்றும் ஒரே கோட்டில் வரும், மடக்கினால் முக்கோணமாகும். வளையும் கையை வரையும்போது இந்த ஒரு செய்தியே பல பிழைகளைத் தடுத்துவிடும்.

இப்போது கடையில் விற்கும் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். இசைவுள்ள நண்பர் அல்லது உடன்பிறந்தவர் ஒருவரின் உடலில், மேற்சொன்ன இடங்களில் வெளியே தெரியக்கூடியவற்றின் மேல் பொட்டுகளை ஒட்டுங்கள். அவரை நிற்கவும், குனியவும், கையை உயர்த்தவும், குத்துக்காலிட்டு உட்காரவும் சொல்லி, ஒவ்வொரு நிலையிலும் முன்னும் பின்னும் பக்கத்திலும் படமெடுங்கள். பொட்டுகளுக்கு இடையிலுள்ள தொலைவில் எது மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதைப் படங்களை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இடுப்பின் இரு முனைகளுக்கு இடையே உள்ள தொலைவு என்றும் மாறாது. தோள்பட்டைகளுக்கு இடையே உள்ள தொலைவோ பெரிதும் மாறும். இந்த வேறுபாட்டைக் கண்ணால் கண்டவருக்கு அடுத்த படி எளிது.

இரண்டாம் படி: மூன்று திரள்கள்

தலை, விலாக்கூடு, இடுப்புக்கூடு ஆகிய மூன்றும் தமக்குள் பெரிதாக உருமாறாத திரள்கள். அவற்றை இணைக்கும் கழுத்தும் வயிற்றுப் பகுதியும்தான் வளைகின்றன, திருகுகின்றன. ஆகவே எந்த நிலையை வரைந்தாலும் முதலில் இம்மூன்றின் சாய்வை மட்டும் குறியுங்கள். விலாக்கூட்டில் 12 இணை விலாக்கள் உண்டு. முதல் 7 இணைகள் மார்பெலும்போடு நேராகச் சேர்கின்றன, அடுத்த 3 இணைகள் குருத்தெலும்பு வழியாக மேலுள்ளவற்றைப் பற்றிக்கொள்கின்றன, கடைசி 2 இணைகள் முன்புறம் எதையும் தொடுவதில்லை. எண்களைவிட வடிவமே உங்களுக்கு முக்கியம்: கூடு மேலே குறுகி, நடுவுக்குச் சற்றுக் கீழே அகன்று, பின்னிருந்து முன்னோக்கிக் கீழே சரியும் விலாக்களால் ஆனது. விலாக்களைக் கிடைக்கோடுகளாக வரைபவரின் உருவம் மூச்சு விடாது. மூச்சை இழுக்கும்போது அந்தச் சரிவு உயர்வதால்தான் மார்பு விரிகிறது.

ஒரு காலில் எடையை ஊன்றி நிற்பவரின் இடுப்பு, ஊன்றிய காலின் பக்கம் உயரும். அதை ஈடுசெய்யத் தோள் பெரும்பாலும் அதே பக்கம் தாழும். அவரது கழுத்துக்குழியிலிருந்து கீழே செங்குத்தாக ஒரு கோடு போட்டால் அது ஊன்றிய காலின் கணுக்காலருகே விழும். இதைப் பழகுவதற்குக் கடலூர் மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு வாய்த்ததைப் போன்ற இடம் வேறெங்கும் இல்லை என்று துணிந்து சொல்வேன். சிதம்பரம் நடராசர் கோயிலின் கோபுர வாயில்களில் 108 கரணங்களைக் காட்டும் நாட்டியச் சிற்பங்கள் உள்ளன; இடுப்பும் மார்பும் எதிரெதிர்த் திசையில் சாய்வதற்கும் திருகுவதற்கும் அவற்றில் எத்தனையோ சான்றுகள் கிடைக்கும். புதுச்சேரி அருங்காட்சியகத்தின் சோழர் காலச் செப்புத் திருமேனிகளில், தலையும் மார்பும் இடுப்பும் மாறி மாறிச் சாயும் மூவளைவு நிலையைப் பல கோணங்களிலிருந்து காணலாம். அங்கெல்லாம் திரள்களின் சாய்வை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், அளவுகளையோ எலும்பு மேடுகளையோ எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் சிற்பிகள் தாலக் கணக்கில் உருவத்தை அமைத்தவர்கள். ஒரு தாலம் என்பது முகத்தின் நீளம், 12 அங்குலங்களாகப் பகுக்கப்படுவது (இது சிற்ப நூல் அளவு, இன்றைய அங்குலமன்று). எந்த உருவத்திற்கு எத்தனை தாலம் என்பது அந்த உருவத்தின் தகுதியைப் பொறுத்தது. உயிருள்ள மனிதரின் உயரத்தைத் தலையளவால் அளந்தால் ஏறத்தாழ ஏழரைத் தலை வரும். தெய்வ உருவங்களில் எலும்பு மேடுகள் வேண்டுமென்றே மறைக்கப்பட்டு உடல் வழவழப்பாக்கப்பட்டிருக்கும்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு, அதுவும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த ஊரின் பெயரைத் தாங்கியது. காரைக்கால் அம்மையாரின் திருமேனியில் காறை எலும்பும் விலாக்களும் ஒடுங்கிய கைகால்களும் ஒளிவின்றிச் செதுக்கப்படுவதுண்டு. சிவாலயங்களில் அறுபத்து மூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க அவர் மட்டும் அமர்ந்திருப்பதால் அடையாளம் காண்பது எளிது. தோலும் எலும்புமாக ஓர் உடலை எண்ணிப் பார்த்த சிற்பிகளின் அறிவு அந்த வடிவத்தில் தெரிகிறது. கோயிலுக்குள் வரைவதற்கு முன் அங்குள்ளவர்களிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

மூன்றாம் படி: தோள்

உருவ வரைவில் அதிகம் சிக்கலாக்கப்படுவதும், எலும்பைப் படித்தவுடன் அதிகம் தெளிவாவதும் தோள்தான். கை முழுவதும் உடற்பகுதியோடு எலும்பால் இணைவது ஒரே ஓரிடத்தில், காறை எலும்பு மார்பெலும்பைத் தொடும் மூட்டில் மட்டுமே. தோள்பட்டை எலும்பு விலாக்களோடு எங்கும் மூட்டால் பிணைக்கப்படவில்லை. தசைகளின்மேல், நீரில் மிதக்கும் தெப்பத்தைப் போல, அது விலாக்கூட்டின் பின்புறத்தில் வழுக்கிச் செல்கிறது. ஆகவே கை உயரும்போது தோள் மூட்டு மட்டும் திரும்புகிறது என்று எண்ணி வரைந்தால் உருவம் மரப்பாச்சியாகிவிடும். கையைத் தலைக்கு மேல் நேராகத் தூக்குவதற்கு வேண்டிய ஏறத்தாழ 180 பாகைகளில் 120 அளவுக்குத் தோள் மூட்டும், 60 அளவுக்குத் தோள்பட்டையின் சுழற்சியும் பங்களிக்கின்றன. தோள்பட்டையின் கீழ்முனை வெளிப்பக்கமாக வீசப்படுவதையும், காறை எலும்பின் வெளிமுனை மேலேறுவதையும் சேர்த்து வரைந்தால்தான் உயர்த்திய கை உடலுக்குச் சொந்தமாகத் தோன்றும்.

இதைக் காண்பதற்குக் கலைக்கூட மாடல்களைவிடக் கடற்கரை சிறந்தது. கரைவலை இழுக்கும் மீனவர்களின் வரிசையைப் பின்னிருந்து பாருங்கள்: இழுக்கும் தருணத்தில் இரு தோள்பட்டைகளின் உள்விளிம்புகளும் முதுகெலும்பை நெருங்குகின்றன, அடுத்த பிடிக்குக் கை நீளும்போது அவை விலகிப் பக்கவாட்டுக்கு ஓடுகின்றன. தலையில் மீன் கூடை சுமக்கும் பெண்கள் ஒரு கையை உயர்த்திக் கூடையைப் பிடிக்கையில் அந்தப் பக்கக் காறை எலும்பு மேல்நோக்கிச் சாய்வதும், மறுபக்கம் கிடையாக நிற்பதும் முன்னிருந்து தெளிவாகத் தெரியும். நமது கரை கிழக்கு நோக்கியது. காலையில் கடலிலிருந்து தாழ்ந்து வரும் வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு எலும்பு மேட்டையும் நிழலோடு காட்டும். கடலூர் தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையாயினும் புதுச்சேரியாயினும் விடிந்த ஒரு மணி நேரத்திற்குள் வரைவதே பலன் தரும். மாலையில் வெயில் கட்டடங்களுக்குப் பின்னால் போய்விடுவதால் உடல்கள் தட்டையாகத் தோன்றும். உழைப்பவர்களை வரையும்போது அவர்கள் வழியில் நிற்காதீர்கள். முகத்தைத் தெளிவாக வரைவதாயின் இசைவு கேளுங்கள், கேட்டால் வரைந்ததைக் காட்டுங்கள்.

முன்கை அடுத்தது. உள்ளங்கை மேல்நோக்கி இருக்கும்போது முன்கையின் இரு எலும்புகளும் ஏறத்தாழ இணையாகக் கிடக்கின்றன. உள்ளங்கையைக் கவிழ்த்தால் கட்டைவிரல் பக்கத்து ரேடியஸ் எலும்பு மற்றொன்றின் மேல் குறுக்காகச் சாய்கிறது. சுண்டுவிரல் பக்கத்து அல்னா முழங்கையில் பெரிதாகவும் மணிக்கட்டில் சிறிதாகவும் இருக்கும். ரேடியஸ் இதற்கு நேர்மாறு. முழங்கையை மேசையில் ஊன்றி, மறுகையால் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டு உள்ளங்கையைத் திருப்பிப் பாருங்கள். முழங்கை நகராமலே முன்கையின் உருவரை மாறிவிடுவதற்கு ரேடியஸின் இந்தக் குறுக்குச் சாய்வே காரணம்.

நான்காம் படி: இடுப்பும் கால்களும், நம் ஊர் இருப்பு நிலைகளும்

தொடை எலும்பு உடலின் மிக நீண்ட எலும்பு. உயரத்தில் ஏறத்தாழ கால் பங்கு. அது இடுப்பிலிருந்து நேராக இறங்காமல் உள்நோக்கிச் சாய்ந்து முழங்காலை அடைகிறது. பெண்களின் இடுப்புக்கூடு பொதுவாக அகன்றிருப்பதால் இந்தச் சாய்வு சற்று மிகுதி. பக்கவாட்டில் பார்த்தால் தொடை முன்னோக்கியும் கெண்டைக்கால் பின்னோக்கியும் வளைந்து, கால் முழுவதும் மெல்லிய அலையாக இறங்கும்.

அயல்நாட்டுப் பாடங்களில் மனிதர்கள் நிற்பார்கள், நாற்காலியில் அமர்வார்கள், படுத்திருப்பார்கள். மீன் அரியும் அம்மாவோ, வலைப் பின்னலைச் சரிசெய்யும் பெரியவரோ, வாசலில் கோலமிடும் பெண்ணோ அவ்வாறு அமர்வதில்லை. சம்மணமிட்டு அமரும்போது உடலின் எடை இடுப்புக்கூட்டின் அடியிலுள்ள இரு எலும்பு மேடுகளில் தங்குகிறது. இடுப்பு பின்னோக்கிச் சாய்வதால் கீழ்முதுகின் உள்வளைவு தட்டையாகிவிடும். தொடை எலும்புகள் இடுப்பு மூட்டில் வெளிப்பக்கமாகச் சுழல்கின்றன. முழங்கால் தரையைத் தொடாமல் நின்றால், அதன் உயரத்தை இடுப்பு மூட்டின் நெகிழ்வே தீர்மானிக்கிறது. குத்துக்காலிடும்போது தொடை எலும்பு பார்ப்பவரை நோக்கிக் குறுகித் தெரியும், முழங்கால் மார்பருகே வரும், தோள் முழங்காலுக்கு முன்னே செல்லும். புதியவர்கள் இந்நிலையில் தொடையை நீளமாகவே வரைந்துவிடுகிறார்கள். எலும்பு மாதிரியைக் குத்துக்கால் நிலையில் நூலால் கட்டி, கண்மட்டத்தில் வைத்து ஐந்தாறு கோணங்களில் வரைந்து பாருங்கள். எத்தனை நேரமானாலும் இந்தப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

உடை எலும்பை மறைக்கிறது என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு சொல். துணியின் மடிப்புகள் அது தொங்கும் இடத்திலிருந்தும் இறுகும் இடத்திலிருந்தும் புறப்படுகின்றன. லுங்கியின் கட்டு இடுப்பெலும்பின் விளிம்பை ஒட்டி நிற்கிறது, அதன் சாய்வைப் பார்த்தாலே எந்தக் காலில் எடை இருக்கிறது என்று கணிக்கலாம். புடவையின் முந்தானை தோள் உச்சியிலிருந்து விழுகிறது. குனிந்து வேலை செய்பவரின் முழங்காலே கொசுவத்தின் மடிப்புகளை இழுத்துப் பிடிக்கிறது.

தலைக்கும் கைவிரலுக்கும் தனி நூல்களே வேண்டும். இங்கே இரண்டு செய்திகள் போதும். கண்கள் தலையின் உயரத்தில் ஏறத்தாழ நடுவில் அமைந்துள்ளன, புதியவர்கள் வைப்பதைப் போல மேலே அல்ல. விரல்கள் புறங்கைப் பக்கம் நீளமாகவும் உள்ளங்கைப் பக்கம் குட்டையாகவும் தோன்றும், ஏனெனில் விரலிடைத் தோல் முதல் விரலெலும்பின் நடுவரை மூடிக்கொண்டிருக்கிறது.

பயிற்சியை அமைத்துக்கொள்ளும் முறை

வாரத்திற்கு ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் விலாக்கூடு, அடுத்தது இடுப்பு, அதன்பின் தோள் என்று போகலாம். 2பி பென்சிலும் ஏ3 தாளும் போதுமானவை, சார்கோல் பின்னால் வரட்டும். எலும்பைப் பார்த்து முன், பக்கம், இரண்டுக்கும் இடைப்பட்ட முக்கால் என மூன்று கோணங்களில் வரையுங்கள். மறுநாள் அதைப் பார்க்காமல் வரைந்து, பிழைகளைச் சிவப்புப் பென்சிலால் திருத்துங்கள். இந்தச் சிவப்புத் திருத்தம்தான் உண்மையான பாடம். பார்த்து வரைந்த அழகிய படம் பாடமாகாது. பிறகு பொட்டு ஒட்டி எடுத்த படங்களின் மேல் டிரேசிங் தாளை வைத்து, உடலுக்குள் அந்த எலும்பு எங்கே இருக்க வேண்டும் என்று கணித்து வரையுங்கள். வார இறுதியில் வெளியே சென்று, ஒவ்வொருவருக்கும் 1 முதல் 2 நிமிடங்கள் மட்டும் செலவிட்டு நிறைய ஸ்கெட்ச்கள் போடுங்கள். அந்நேரத்தில் எலும்பை எண்ணாதீர்கள், அசைவை மட்டும் பிடியுங்கள். வீட்டிற்கு வந்தபின் அந்த ஸ்கெட்ச்களுக்குள் எலும்பை ஏற்ற முயன்றால், எங்கே அது உள்ளே நுழைய மறுக்கிறதோ அங்கே உங்கள் வரைவு பொய் சொல்லியிருக்கிறது என்று பொருள்.

எலும்புக்கூட்டின் அழகில் மயங்கி, பற்களையும் முள்ளெலும்புகளின் கூர்களையும் நிழலிட்டு மாதக்கணக்கில் அங்கேயே தங்கிவிடும் ஆர்வலர்களும் உண்டு. அது தனிக் கலையாக இருக்கலாம், உருவ வரைவுக்கு அதனால் பயன் குறைவு. முறையாகக் கற்க விரும்புபவர்கள் நுண்கலை கற்பிக்கும் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் விசாரிக்கலாம். தனியே பழகுபவர்கள் இருவர் மூவராகச் சேர்ந்தால் ஒருவருக்கொருவர் மாடலாக இருந்துகொள்ள முடியும்.

தசைகளுக்கு எப்போது செல்வது என்பதற்கு ஓர் எளிய அளவுகோல் உண்டு. குத்துக்காலிட்டு அமர்ந்து ஒரு கையை உயர்த்தியிருக்கும் ஒருவரைப் பின்னிருந்து பார்ப்பதாகக் கற்பனை செய்து, எந்தப் படத்தையும் பார்க்காமல் அவருடைய மூன்று திரள்களையும், இரு தோள்பட்டைகளையும், தொடை எலும்புகளையும் ஓரளவு பிழையின்றி வைக்க முடிந்தால் நீங்கள் தயார். அப்போது கழுத்தின் பக்கவாட்டுத் தசையிலிருந்து தொடங்குங்கள். காதுக்குப் பின்னுள்ள மேட்டில் புறப்பட்டு மார்பெலும்பிலும் காறை எலும்பிலும் இரு கிளைகளாக வந்து முடியும் அந்தத் தசையின் கீழ்முனைகள் சேரும் இடங்களை நீங்கள் ஏற்கெனவே விரலால் தொட்டறிந்திருப்பீர்கள்.